நித்திரையாயிருந்த பெட்டியும் எங்கள் வீட்டு மெயின் சுவிச்சும்

அந்த மனிசனை நான் நேரில் கண்டதில்லை. குரலைத்தான் கேட்டேன். இப்ப நினைத்தாலும் நெஞ்சு கொதிக்குது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு முன்னறையை ஒரு பிள்ளைக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை. கம்பசில் படித்து முடித்து, கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு அறைக்குள் இருந்தபடியே வேலை செய்கிறவள். அவளுடைய மேசையில் மூடி கழற்றின ஒரு பெட்டி இருக்கும். உள்ளே டிஸ்க்குகளும், அந்த டிஸ்க்குகளைக் கட்டியாளுகிற ஒரு பச்சைத் தகடும். கிளினிக்குகளில் ஸ்கான் படங்களைச் சேர்த்து வைக்கிற பெட்டியாம். வேலையில்லாத நேரம் அந்தத் தகட்டை நித்திரையாக்க வேண்டும், வேலை வந்ததும் எழுப்ப வேண்டும். கரண்ட் மிச்சம். அதைச் செய்விக்கிற எழுத்தைத்தான் அவள் மாதக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தாள். டிரைவர் என்று அதுக்குப் பெயர்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக்கு ஆரும் வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவேன். அவளோடு மட்டும் கொஞ்சம் கதைப்பேன்.

ஐப்பசி மாதம். ஒரு பின்னேரம் அவள் பஸ் ஏறி யாழ்ப்பாணம் டவுனுக்குப் போயிருந்தாள். இடி தொடங்கியது. இடி இடித்தால் மெயின் சுவிச்சை நிப்பாட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆரும் சொல்லித் தருவதில்லை, கை தானாகப் போகும். அறையை எட்டிப் பார்த்தேன். பெட்டியில் விளக்கு எரியவில்லை. நிப்பாட்டிவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்து மெயினை இறக்கினேன். மழை விட்டதும் ஏற்றினேன். அவள் வந்ததும் சொல்ல வேண்டுமென்றுகூடத் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலை அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"அம்மா, சேர்த்து வைச்ச படங்களிலை கொஞ்சம் பழுதாப்போச்சு. நித்திரையாலை எழும்பேக்கை என்னவோ பிழை நடக்குது."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளக்கு எரியாதது பெட்டி நித்திரையாயிருந்தபடியால். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வெட்கம். நாலு நாள் அவள் கண்ணைச் சிவக்க வைத்துக்கொண்டு இல்லாத இடமெல்லாம் பிழை தேடினாள். நான் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு ஊமை மாதிரித் திரிந்தேன். என் மேலும் எனக்குக் கோபம்தான். அதை இப்ப மறைக்கவில்லை.

நாலாம் நாள் கொம்பனியில் அவளுக்கு மேலே உள்ளவர், நான் முதலில் சொன்ன அந்த மனிசன், போனில் வந்தார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

"நீர் என்னத்தைப் படிச்சிட்டு வந்தனீர்? நாளைக்குள்ளை சரிவராட்டி உம்மை வேலையிலை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுதமாட்டன். உம்மட இடத்துக்கு ஆக்கள் வரிசையிலை நிக்கினம்."

"ஓம் சேர்" என்றாள். காலையில் வைத்த இடியப்பம் அப்படியே காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் ஏலாமல் போச்சு.

"பிள்ளை, அண்டைக்கு இடிக்குள்ளை மெயினை நிப்பாட்டினது நான்."

ஏசுவாள் என்று நின்றேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அம்மா! எனக்குத்தான் மண்டை கழண்டுபோச்சு எண்டு நினைச்சன்!" பிறகு சிரிப்பு நின்றுபோச்சு. "இல்லையம்மா. பிழை என்ரைதான். டிஸ்க்கிலை எழுத வேண்டியதிலை கொஞ்சத்தைத் தகடு தன்ரை கைக்குள்ளை வைச்சிருக்கும். அதை எழுதி முடிக்க விடாமலே நான் நித்திரையாக்கிப் போட்டன். கரண்ட் இருந்தால் எழும்பிப்போட்டு எழுதும். கரண்ட் போனால் கைக்குள்ளை இருந்ததும் போச்சு."

உடனே போன் எடுத்து நடந்ததையெல்லாம் அவருக்குச் சொன்னாள். திருத்த மூன்று நாள் கேட்டாள். நான் தேத்தண்ணியோடு கதவடியில் நின்றேன்.

"அப்ப உம்மட எழுத்திலை பிழையில்லை. பிழை உந்த மனிசியிலை. சுவிச்சைத் தொட வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு நாளைக்கு அனுப்பும்."

"கிளினிக்குகளிலையும் கரண்ட் போகும் சேர்..."

"அனுப்பாட்டி வேலையை மறந்திடும்."

எனக்குள் என்ன ஏறியதோ தெரியாது. தேத்தண்ணியை மேசையில் குத்தி வைத்தேன்.

"தம்பி, உந்த மனிசி நான்தான்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "அம்மா, இது உங்களுக்கு விளங்காது."

"விளங்காதுதான். நான் ஐஞ்சாம் வகுப்பு. இடி இடிச்சால் மெயினை நிப்பாட்டாத வீடு இஞ்சை ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம். உங்கடை பெட்டி போற இடத்திலையும் என்னைப்போல ஒருத்தி இருப்பாள். அவளும் நிப்பாட்டுவாள். ஆரோ ஒரு பிள்ளையின்ரை ஸ்கான் படம் துலைஞ்சால், அப்பவும் மனிசியிலைதான் பிழையோ? இந்தப் பிள்ளை தன்ரை பிழையைத் தானே கண்டுபிடிச்சுத் தானே சொல்லுது. திருத்த மூண்டு நாள் கேக்குது. உங்களுக்கு அதுகூடக் குடுக்க மனமில்லை. பிறகென்ன பெரியவர்?"

அவர் "சரி, திங்கட்கிழமை" என்றுவிட்டுப் போனை வைத்தார்.

நித்திரைக்கு முன் கையில் உள்ளதெல்லாம் டிஸ்க்கில் எழுதி முடிய வேண்டுமென்று அவள் மாற்றினாள். சனிக்கிழமை முழுக்கச் சோதனை. பெட்டியின் விளக்கு அணைந்ததும் அறைக்குள்ளிருந்து "இப்ப, அம்மா!" என்று கத்துவாள். நான் மெயினை இறக்குவேன், ஏற்றுவேன். வேலியால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, உங்கடை தண்ணி மோட்டருக்கு விக்கலோ?"

"சோதினை நடக்குது."

"இந்த வயதிலை சோதினை எழுதுறியளோ?"

ஒரு படமும் பழுதாகவில்லை. திங்கட்கிழமை அனுப்பிவிட்டாள். அடுத்த கிழமை அவளை நிரந்தரமாக்கிக் கடிதம் வந்தது. கீழே ஒரு வரி: சோதனை நடக்கிற வீட்டிலுள்ளவர்கள் மெயின் சுவிச்சைத் தொடாதபடி அறிவுறுத்தவும். அவள் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதை பிள்ளை. பெட்டியிலை பிழை இருந்ததெண்டு அதிலை ஒரு சொல் இருக்கோ?"

"இல்லையம்மா. விடுங்கோ, வேலை கிடைச்சிட்டுது."

அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை. அன்று பின்னேரமே வடக்குப் பக்கம் இருண்டு இடி இடித்தது. சுவிச்சடிக்குப் போனேன். இந்தமுறை வாயை மூடிக்கொண்டு இல்லை.

"பிள்ளை, மெயினை நிப்பாட்டுறன்!"

பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.