மாற்றுவதா, எடுப்பதா: நெடுந்தீவில் தங்க நேர்ந்த ஒரு நாள்

கடந்த ஓகஸ்ட் மாதம் அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்காக, யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் எங்கள் ஊரான சரவணைக்குப் போயிருந்தேன். ரொறன்ரோவிலிருந்து தனியாகத்தான் போனேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போகிறார்கள். திவசம் முடிந்து விமானம் ஏற ஐந்து நாட்கள் இருந்தன. அதில் ஒரு நாளை நெடுந்தீவுக்கும் மறுநாளை நயினாதீவுக்கும் ஒதுக்கினேன். தீவுப் பக்கம் போக நினைப்பவர்கள் என்னிடம் அடிக்கடி படகு நேரம் கேட்கிறார்கள், அதையெல்லாம் கீழே எழுதுகிறேன். ஆனால் நான் போனதற்கு வேறு காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவில் பாதி பொய்யாகிவிடும்.

பதினொரு வருடங்களுக்கு முன், என் முப்பத்தைந்தாவது வயதில், மார்பகங்களில் சிலிக்கன் பைகள் வைத்துக்கொண்டேன். புற்றுநோய் ஒன்றும் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த பிறகு மார்பு வற்றிப்போனது. எனக்கு அது பிடிக்கவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை, நானாகத்தான் செய்துகொண்டேன். முதல் நான்கு வருடங்கள் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது. பிறகு இடது பக்கம் இறுகத் தொடங்கியது. உள்ளே வைத்த பையைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வை வளர்க்குமாம். சிலருக்கு அது சுருங்கிப் பையை நெரிக்குமாம். சத்திரசிகிச்சை செய்து அந்தச் சவ்வை அகற்றிப் புதிய பை வைத்தார்கள். போன வருடம் மறுபடியும் அதே இடது பக்கம் இறுகியது. இந்த முறை பை மேலேறிக் காறை எலும்புக்குக் கிட்ட உருண்டையாக நின்றது. கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் உள்ளே ஏதோ பிய்வது போல வலிக்கும். இந்தப் பதிவில் படங்கள் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மருத்துவர் இரண்டு வழி சொன்னார். இன்னொரு முறை திறந்து புதிய பைகள் வைக்கலாம், ஆனால் மறுபடி இறுகாது என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். அல்லது இரண்டையும் எடுத்துவிடலாம். எடுத்தால் தோல் தொங்கும், இடது பக்கம் குழி விழும், முதலில் இருந்ததைவிட மோசமாகத் தெரியலாம். பை உடையவில்லை என்று ஸ்கானில் தெரிந்ததால் அவசரம் இல்லை, முடிவு உங்களுடையது என்று முடித்துக்கொண்டார். சத்திரசிகிச்சைக்கு ஒக்டோபரில் நாள் ஒதுக்கிவிட்டார்கள். எது என்பதை நான் திவசம் நடந்த அந்த வாரத்து வெள்ளிக்கிழமைக்குள் மின்னஞ்சலில் அறிவிக்க வேண்டும். கணவரிடம் கேட்டபோது "மாத்து" என்று ஒரு சொல்லில் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை.

ஊரில் இது யாருக்கும் தெரியாது. என்னைவிட ஐந்து வயது மூத்த, வேலணையில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் சுகந்தி அக்காவுக்கும் தெரியாது. ஆளில்லாத இடத்தில் போயிருந்து யோசிக்கலாம் என்றுதான் நெடுந்தீவை நினைத்தேன். அக்கா விடவில்லை. "தனியா ஏன் போறாய்? எனக்கும் லீவுதானே" என்று புதன்கிழமை காலை எனக்கு முன்னாலேயே வெளிக்கிட்டு நின்றாள்.

சரவணையிலிருந்து ஓட்டோவில் 6.45க்குப் புறப்பட்டோம். வங்களாவடிச் சந்தியில் தேநீர் குடித்துவிட்டு, புங்குடுதீவுப் பாலம் தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு 7.40க்கு வந்தோம். மீற்றரில் பத்தொன்பது கிலோமீற்றர், கூலி 2500 ரூபாய். பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், நடுவே நாங்கள் மட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து நேராக பஸ்சிலும் வரலாம், ஒன்றேகால் மணித்தியாலம் எடுக்கும், காசும் மிகக் குறைவு. நெடுந்தீவுப் படகு எட்டரைக்கு என்று சொன்னார்கள், 8.50க்கு எடுத்தார்கள். ஆளுக்கு 200 ரூபாய்.

தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பலமாக அடிக்கும் காலம் அது. படகுக்காரர் எல்லாருக்கும் பாதுகாப்பு அங்கி கொடுத்தார். நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, ஜக்கெற்றைப் போடுங்கோ. பட்டியை வடிவா இறுக்குங்கோ. போடாமல் ஏத்தேலாது."

போட்டேன். பட்டி சரியாக அந்த உருண்டையின் மேலே வந்தது. கரை மறைந்ததும் படகு அலையில் ஏறி ஏறி அடித்தது. ஒவ்வோர் அடிக்கும் அங்கி மேலெழும்பி நெஞ்சில் குத்தியது. வாந்தி வருவது போல நடித்துக் குனிந்துகொண்டேன். ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம் அப்படியே போனேன். கரையை நெருங்கும்போது பெரிய அலை ஒன்றில் அக்கா என் மேல் சரிந்தாள். அவளுடைய முழங்கை இடது பக்கத்தில் பட்டது. நான் அலறிவிட்டேன்.

அக்காவின் முகம் வெளிறியது. அப்பா போனது நெஞ்சு வலியில். "இடது பக்கமோ? கையும் நோகுதோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். இரண்டும் உண்மைதான்.

நெடுந்தீவின் மாவலித்துறையில் இறங்கியதும் அவள் முதலில் நின்ற ஓட்டோவைப் பிடித்தாள். அன்ரன் என்ற ஐம்பது வயது மதிக்கத்தக்கவர் அதன் சொந்தக்காரர். "அண்ணை, ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ, தங்கச்சிக்கு நெஞ்சு ஏலாது!" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஓட்டோ பறந்தது. கடற்கல் அடுக்கிய மதில்கள் இரண்டு பக்கமும் ஓடின. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். அப்போது அக்காவுக்கு எப்படியும் தெரிந்துவிடும். வேறு ஒருவர் வாயால் அவள் அதைக் கேட்கக் கூடாது என்று தோன்றியது.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ" என்றேன்.

அவர் நிறுத்தினார். இறங்கி, அக்காவின் கையைப் பிடித்து மதிலோரம் கூட்டிக்கொண்டு போனேன். காற்று இரைச்சலில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை அவளுக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை விளங்கியது.

"உனக்கு என்ன குறை எண்டு இதைச் செய்தனி?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைப் பதினொரு வருடங்களாக எனக்குள் நானே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் குரலில் அதைக் கேட்டது அதுதான் முதல் முறை. அக்கா திரும்பிப் போய் ஓட்டோவில் ஏறினாள். "நெஞ்சு வலி இல்லையாம் அண்ணை. ஊரைச் சுத்திக் காட்டுங்கோ" என்றாள்.

மூன்று மணித்தியாலச் சுற்றுக்கு அன்ரன் அண்ணை 4000 ரூபாய் எடுத்தார். ஒரு வீட்டு அறை அளவு பருத்த பெருக்குமரம், கடற்கல்லால் கட்டி இடிந்துபோன கோட்டை, தெற்குப் பக்கம் காய்ந்த புல்வெளியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்ற குதிரைகள். எல்லாம் பார்த்தோம். அக்கா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோட்டையடியில் அன்ரன் அண்ணை மெதுவாகக் கேட்டார்: "அக்காமாருக்கு ஏதும் துக்கமோ?"

"அப்பான்ரை திவசம் முடிஞ்சுதான் வந்தனாங்கள்" என்றேன்.

"அதுதானே பாத்தன்" என்று தலையாட்டி, அதற்குப் பிறகு தானும் பேசாமல் ஓட்டினார்.

இரண்டரை மணிப் படகுக்குத் துறைக்குப் போனால் காற்றால் படகு ஓடாது என்றார்கள். அன்ரன் அண்ணை வீட்டோடு சேர்த்து இரண்டு அறைகள் வாடகைக்கு விடுகிறார். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து அறைக்கு 5000 ரூபாய். அவருடைய மனைவி மீன்குழம்பும் புட்டும் தந்தார். சுவை நன்றாக இருந்திருக்கும். எனக்கு எதுவும் இறங்கவில்லை.

குளிக்கக் கிணற்றடி. தகரத்தால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். பின்னேரம் ஐந்தரை மணிக்கு நான் குறுக்குக்கட்டோடு நின்று வலது கையால் மட்டும் துலாவை இழுத்துத் தண்ணீர் அள்ளப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே வந்து வாளியை வாங்கினாள். நாலைந்து வாளி அள்ளி என் தலையில் ஊற்றினாள். உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்கவே இல்லை. பிறகு வாளியை வைத்துவிட்டு, "காட்டு" என்றாள்.

கட்டைத் தளர்த்தினேன். கணவரும் வைத்தியர்களும் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. அக்கா நெடுநேரம் பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் இடது பக்கத்தைத் தொட்டாள்.

"கல்லு மாதிரி இருக்கு. எவ்வளவு காலமா இப்பிடி?"

"ஒரு வருசம்."

"இதோடையோ திவசத்துக்கு அவ்வளவு தேங்காயும் திருவினனி?"

ஓம் என்றேன். அவள் அழுதாள். நான் அழவில்லை, எனக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதையும், மாற்றுவதா எடுப்பதா என்பதையும் அங்கே நனைந்தபடியே சொன்னேன். அவள் உடனே சொன்னாள்: "எடுத்துப்போடு."

"எடுத்தா முந்தியையும் விட மோசமா இருக்குமாம்."

"அப்ப மாத்து."

"மாத்தினா திரும்ப இறுகுமோ தெரியாதாம்."

அக்கா கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டாள். "எனக்குத் தெரியாதடி" என்றாள். "நான் ஒண்டைச் சொல்லி அது பிழைச்சுதெண்டா என்ன செய்யிறது? என்னட்டைக் கேக்காதை."

அவளிடம் ஒரு பதில் இருக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஆனால் அவள் எழுந்து என் தலையைத் துவட்டிவிட்டாள். இடது கையை நான் தூக்காமல் சட்டையை எப்படிப் போடலாம் என்று தானாகவே கண்டுபிடித்து மாட்டிவிட்டாள்.

மறுநாள் காலை 7 மணிப் படகு ஓடியது. அக்கா துவாய் ஒன்றை நாலாக மடித்துப் பட்டிக்குக் கீழே வைத்துக் கட்டினாள். குறிகட்டுவானிலிருந்து அப்படியே நயினாதீவுப் படகில் ஏறினோம். இருபது நிமிடம்தான், ஆளுக்கு 100 ரூபாய். அம்மன் கோயிலில் பெண்கள் வரிசையாக விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னால் கையூன்றிக் குனிய முடியவில்லை, நின்றுதான் கும்பிட்டேன். என்ன கேட்டுக் கும்பிடுவது என்று எனக்கு எதுவும் ஓடவில்லை. மாற்றினால், ஐந்தாறு வருடத்தில் ஐம்பது தாண்டி மறுபடி இதே வலியோடு இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்பேனோ என்று மட்டும் நினைத்தேன். மூன்றாம் முறை என்னால் ஏலாது. வேறு எந்தத் தெளிவும் வரவில்லை.

இறங்குதுறை நிழலில் இருந்து மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு வரி. இரண்டையும் எடுத்துவிடுங்கள், புதிதாக வைக்க வேண்டாம். அனுப்பியதும் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பிணத்தைக் கொண்டுபோன வீட்டில் கதிரைகளை அடுக்குவது போல் ஒரு வெறுமைதான் இருந்தது. அக்கா என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை. பக்கத்தில் இருந்து ஒரு செவ்விளநீரை நீட்டினாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை காற்றுக் காலம், நெடுந்தீவுக்கு ஒரு நாளுக்கு என்று போனாலும் மாற்றுடுப்பும் மருந்தும் எடுத்துப் போங்கள். விமானத்துக்கு முதல்நாள் போகவே வேண்டாம். படகு நேரத்தை முதல்நாள் துறையில் கேட்டு உறுதி செய்யுங்கள், நான் எழுதிய நேரமும் விலையும் மாறியிருக்கலாம். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் படகு எடுக்க முன்பே படகுக்காரரிடம் சொல்லி நடுப்பகுதியில் இடம் கேளுங்கள், அலை அங்கே குறைவு. அங்கியைக் கழற்ற மட்டும் கேட்காதீர்கள். கடல் அது.

ஒக்டோபரில் எடுத்துவிட்டார்கள். வலி போய்விட்டது. ஒரு வருடமாக முடியாமல் இருந்தது, இப்போது இடது பக்கம் சரிந்து படுக்கிறேன். மருத்துவர் சொன்ன குழி சொன்னபடியே இருக்கிறது, தோலும் சொன்னபடியே. கணவர் முதல் நாள் கட்டு மாற்ற உதவினார், முகத்தை யன்னல் பக்கம் வைத்துக்கொண்டு. "பழகிடும்" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எடுத்தது சரியா என்று கேட்டால் சரி என்பேன். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பேன். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் வரும் வழி ஒன்று எங்காவது இருக்கும் என்று நம்பித்தான் அந்த ஒரு வருடமும் வலியோடு காத்திருந்தேன்.