பேர் சொல்லாத ஜெபக் குறிப்பு

எங்கள் சபையில் ஜெபக் குறிப்பு கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெண்கள் இருபது பேர் பாயில் உட்கார்ந்திருப்போம். தனக்கோ அடுத்தவருக்கோ வேண்டியதை ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதற்காக மன்றாடுவோம். சர்க்கரை வியாதி, மகனின் குடி, தறி ஓடாத கஷ்டம் இதையெல்லாம் பேர் சொல்லியே சொல்லலாம். மானம் போகிற விஷயத்துக்கு மட்டும் பேர் சொல்லக் கூடாது. "ஒரு சகோதரி" என்று தொடங்க வேண்டும். அந்தச் சகோதரியின் மானத்தைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் இருபது பேர் இருக்கிற இடத்தில் அந்த ஒருத்தி யாரென்று கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கண்ணை மூடிக்கொள்வோம்.

இந்த முறையை வைத்துக்கொண்டு, என்னை அக்கா என்று கூப்பிட்ட ஒருத்தியின் தலையில் நான் மண்ணை அள்ளிப் போட்டேன். மூன்று வருஷமாகிறது. நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆட்டையாம்பட்டியில் துண்டு நெய்கிற ஒரு பவர்லூமில் செக்கிங் வேலை. ட்யூப்லைட்டுக்குக் கீழே மேஜையில் துண்டை விரித்து, இழை அறுந்ததையும் எண்ணெய்க் கறை பட்டதையும் பார்த்து ஒதுக்க வேண்டும். பதினெட்டு வருஷம் பிழை பார்த்தே பழகிய கண். சபைக்குப் போனாலும் யாருக்கு முக்காடு நழுவியிருக்கிறது, யார் பாட்டு நேரத்தில் போனை நோண்டுகிறாள் என்பதுதான் முதலில் கண்ணில் படும்.

சபையில் எனக்குத் தனி மரியாதை. இருபத்திரண்டு வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், கல்யாணம் வேண்டாமென்று கர்த்தருக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது, அழுதுகொண்டே தூக்கியவள் நான். அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, வெறும் காது, வெறும் கழுத்து. தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் என்னை விதவை என்று நினைத்து இரக்கப்படுவார்கள். ஆனால் சபையில் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்துக்கு இரண்டு மாதம் முன்புதான், எங்கள் வீடு கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டது தெரிந்து, பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று சொல்லியனுப்பியிருந்தார்கள். சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் என்ற நரிக்கு யாரும் மைக் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொல்வதில்லை. எனக்குக் கொடுத்தார்கள்.

எல்லாம் பொய் என்றும் சொல்ல மாட்டேன். தனியாக இருந்ததில் நல்ல வருஷங்கள் உண்டு. விடியற்காலையில் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடிக்கும் அந்த அரைமணி நேரத்தை நான் எந்தப் புருஷனுக்கும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். ஆசை வரும், போகும். வயதானால் தானாக அடங்கிவிடும் என்று நம்பியிருந்தேன்.

அப்போதுதான் மைக் செட் பார்க்க அவர் வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டும் கடை வைத்திருந்தவர். மனைவி இறந்து, ஒரே மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை, கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் மைக்கைத் தட்டிப் பார்த்து, கையிலேயே பிடித்திருந்து, என்னிடம் நீட்டுவார். அந்த மைக் அவர் உள்ளங்கைச் சூட்டோடு இருக்கும். சட்டையில் வார்னிஷ் வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து வரும். மடித்துவிட்ட சட்டைக் கைக்குக் கீழே அந்த முன்கை. போதும், இதற்குமேல் எழுதக் கூசுகிறது. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு சாட்சி சொல்கிறவள், வாராவாரம் பேர் கொடுக்க ஆரம்பித்தேன். சூடு ஆறாத அந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஞாயிறு இப்படியும் சொன்னேன்: "மாம்சத்தின் போராட்டத்தையே கர்த்தர் என் வாழ்க்கையில அனுமதிக்கலை." எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவரும் சொன்னார்.

இந்தப் போராட்டத்துக்காக ஜெபிக்கும்படி நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் வெள்ளைச் சேலை என்னாவது?

என்னைத் தவிர இன்னொருத்தியும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பவர்லூமில் எனக்குப் பக்கத்து மேஜையில் துண்டு மடிக்கிறவள். முப்பத்தெட்டு வயது. புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்து ஏழு வருஷம். மாமியார் வீட்டிலேயே இருந்து ஒரே மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சபைக்குக் கூட்டிவந்ததே நான்தான். மத்தியானம் அவள் சாப்பாட்டுப் போசியில் இருக்கிற குழம்பு என் தட்டுக்கு வரும், என் ரசம் அவள் தட்டுக்குப் போகும்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அவள் என் வீட்டுக்கு வந்தாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லோணும். தப்பா நெனைச்சுக்காதீங்க."

"சொல்லு சாமி."

"மோட்டார் கடைக்காரரு என்னையக் கட்டிக்கறேங்கறாருங்க. பாஸ்டர்கிட்ட நீங்க எடுத்துச் சொன்னா ஊட்லயும் கேப்பாங்க."

"உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

"எனக்கும் ஆசைதானுங்க. உங்ககிட்ட மறைச்சு என்னாகப் போகுது. ஏழு வருஷமாச்சுங்க, ஆசையா ஒரு கை என்மேல பட்டு. ஒடம்பும் கேக்குதுங்க அக்கா. இது பாவமுங்களா?"

பாவமில்லை. விதவை மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று வேதத்தில் தெளிவாக இருக்கிறது. பெண்கள் கூட்டத்தில் நானே அதை வாசித்து விளக்கியிருக்கிறேன். ஆனால் அன்று அந்த வசனம் என் வாயில் வரவில்லை. ஜெபிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கு இதுல வருத்தம் ஒண்ணுமில்லீங்களே அக்கா?"

"எனக்கென்ன சாமி வருத்தம்?" என்று சிரித்தேன். மரியாதைக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, அவள் குடிக்காமல் வைத்த டீயை முற்றத்தில் வீசிக் கொட்டினேன். வயிறெரிச்சல் என்பது வெறும் பேச்சில்லை. நிஜமாகவே வயிறு எரிந்தது. அவள்மேல் கோபமா, அவர்மேலா, இருபத்திரண்டு வயதில் கை தூக்கிய அந்த முட்டாள் பெண்மேலா, பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பாஸ்டரிடம் நான் பேசவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. அவளும் பெர்மிஷன் போட்டுவிட்டு உபவாச ஜெபத்துக்கு வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்தாள். வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். காலையில் குளிக்கும்போதே வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"ஒரு சகோதரி. விதவை. மாம்ச இச்சையில போராடறாங்க. சபையில இருக்கற ஒரு சகோதரன்மேல மனசு போயிருக்குது. அந்தக் கட்டைக் கர்த்தர் அவுக்கும்படியா ஜெபிப்போம்."

எங்கள் சபையில் விதவைகள் மூன்று பேர். ஒருவருக்கு எண்பது வயது. இன்னொருவர் படுக்கையை விட்டு எழ மாட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. முக்காடுகளுக்குள்ளிருந்து கண்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. பிறகு எல்லோரும் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். அவளும் முழங்கால் போட்டாள். "அந்தச் சகோதரிக்கு எரங்குங்க ஆண்டவரே" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. நான் ஓவென்று அழுதேன். என்ன ஆத்துமபாரம் என்று பக்கத்திலிருந்தவர்கள் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

சாயங்காலத்துக்குள் பெண்கள் வாட்ஸ்அப் குரூப்பில், பேர் சொல்லாமலேயே, மைக் செட்டுக்காரர் என்பது வரை ஜாடை காட்டி, ஆறேழு வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. அதில் ஒன்று மாமியார் காதுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை மைக் செட்டை வேறொருவர் பார்த்தார். கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கும்படி பாஸ்டர் அவரிடம் சொல்லியிருந்தார். அந்த வாரமே கொழுந்தனார்கள் இரண்டு பேரும் வந்து, கட்டிக்கொண்டு போவதென்றால் பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். நான் பாஸ்டரை முன்னால் அனுப்பியிருந்தால் பேச்சு நல்லபடியாகத் தொடங்கியிருக்கும். அசிங்கமாகத் தொடங்கியதால் அவளுக்காகப் பேச ஒருவரும் முன்வரவில்லை. அவள் பிள்ளையை விடவில்லை. அவரை விட்டாள்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு மாமியார் வீட்டில் இருக்க முடியாமல், மகளைக் கூட்டிக்கொண்டு மேச்சேரியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகுமுன், பவர்லூமுக்கு வந்தாள். என் போசி ஒன்று அவளிடம் இருந்தது. கழுவித் துடைத்து என் மேஜைமேல் வைத்தாள். தறிச் சத்தத்தில் காதோடு குனிந்துதான் பேச வேண்டும். குனிந்தாள்.

"அன்னிக்கு உங்க ஊட்டுக்கு நான் சிபாரிசுக்காக மட்டும் வரலைங்க அக்கா. உங்ககிட்டக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். வேண்டாம்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தீங்கன்னா உட்டுருப்பனுங்க."

"நான் எதுக்குச் சாமி வேண்டாங்கறேன்?"

"மைக்க வாங்கறப்ப உங்க மொகத்தை ரெண்டு வருசமாப் பாத்துக்கிட்டுத்தானுங்களே இருக்கறேன்."

விரித்திருந்த துண்டில் ஒரு பிழையைத் தேடுவதுபோல நான் குனிந்துகொண்டேன்.

"யாருகிட்டயும் சொல்லலைங்க. சொல்லவும் மாட்டனுங்க. பயப்படாதீங்க. வாரேனுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமையும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எதிரே முழங்கால் போட்டிருந்தவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியிருக்கும். அவள் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. பிறகு போனில் இரண்டு முறை நம்பரைத் தேடி எடுத்துவிட்டு, அழுத்தாமல் வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம், கல்யாணமாகாத பெண்களுக்குப் பரிசுத்தத்தைப் பற்றிப் பேச என்னைத்தான் கூப்பிட்டார்கள். போனேன். முக்கால் மணி நேரம் பேசினேன். கையில் மைக் சில்லென்று இருந்தது.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, பாரம் தாங்காமல் நானே ஒரு குறிப்பு சொன்னேன். "ஒரு சகோதரி. தன் மனசுல இருந்த இச்சையை மறைக்கறதுக்காக, இன்னொரு சகோதரியைக் காட்டிக்கொடுத்துட்டாங்க. அவங்களுக்காக ஜெபிப்போம்." முக்காடுகள் அசைந்தன. கண்கள் வழக்கம்போலத் தேடின. தையல்காரர் மனைவியைப் பார்த்தார்கள், புதிதாக வந்த நர்ஸைப் பார்த்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. நர்ஸ் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் அது என்று சொல்ல வேண்டிய நேரம் அது. வாயைத் திறந்தேன், ஜெபத்தைத் தொடங்கி வைத்தேன்.

சபையில் எனக்கு இன்றைக்கும் நல்ல பெயர்தான். மேச்சேரியில் ஒருத்தி வாயைத் திறக்காமல் இருக்கும்வரை அது இருக்கும்.