எனோக்கின் புல்வெளி வழியாக

எனோக் ஐவ்சன் காலையிலிருந்து உட்காரவே இல்லை. ஜன்னலுக்குப் போவார், புல்வெளியின் மரக்கதவைப் பார்ப்பார், மறுபடி அடுப்பருகே வருவார்.

அந்த யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கில் அவரைக் ‘கர்மட்ஜன்’ என்பார்கள். சிடுமூஞ்சித்தனமும் கஞ்சத்தனமும் ஒரே உடம்பில் குடியிருந்தால் அதற்கு அங்கே வழங்கிய பழைய பெயர். ஒரே தேயிலையைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைப்பார். மனைவி மக்கள் கிடையாது. அப்பா கல் பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கிய அந்தப் புல்வெளிதான் அவருக்கு எல்லாம்.

பக்கத்துப் பண்ணை டோர்கஸ் கால்வர்ட் இறந்துவிட்டாள். பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. கல்லறைக்குப் போக எனோக்கின் புல்வெளியை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் சவப்பெட்டி ஒருமுறை போன நிலம் என்றைக்கும் பொதுவழி என்பது ஊர் நம்பிக்கை. விட்டால் புல்வெளி போய்விடும். விடாவிட்டால்? போன குளிர்காலத்தில் அவர் நெஞ்சுச்சளியில் கிடந்தபோது சூப் கொண்டுவந்தவள் அவள்தான். உப்பில்லை என்று திட்டினார். மறுநாள் உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள்.

தூரத்தில் கறுப்பு உடைகள் தெரிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார்.

“கதவைத் திறங்க பெரியவரே,” என்றான் டோர்கஸின் மகன் வில்ஃப். பெட்டியின் கனத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

“சும்மா விடமாட்டேன். ஆளுக்கொரு குண்டூசி இந்தக் கதவுல குத்துங்க. அதான் சுங்கம். சுங்கம் வாங்கிட்டு விட்டா பொதுவழி ஆகாது. எங்கப்பா அப்படித்தான் செஞ்சாரு.”

“பொணத்துக்கிட்டயும் சுங்கமா!” என்றாள் கடைக்காரி மார்த்தா. “நீ செத்தா ஊசி இல்ல, கடப்பாரையே கொண்டாறேன்.”

திட்டிக்கொண்டே தொப்பியிலிருந்து ஊசிகளை உருவினாள். மற்றப் பெண்களும் உருவி, பெட்டி சுமந்த ஆண்களுக்கும் சேர்த்துக் குத்தினார்கள். எனோக் எண்ணிப் பார்த்தார்.

“ஒண்ணு குறையுது.”

“எல்லாரும் குத்தியாச்சே!” என்றான் வில்ஃப்.

“உங்கம்மாவுக்கு?”

வில்ஃபின் முகம் சிவந்தது. “நீயெல்லாம் மனுஷனாய்யா?”

எனோக்கின் கோட்டில் பொத்தான்களே இல்லை. ஒரு குண்டூசிதான் அதைச் சேர்த்துப் பிடித்திருந்தது. அந்த ஊசியை உருவிக் கதவில் அழுத்திக் குத்தினார். காற்றில் கோட்டு விரிந்து படபடத்தது.

அவர் கதவை அகலத் திறந்துவிட்டு, தொப்பியைக் கழற்றிப் பெட்டியின் பின்னாலேயே நடந்தார்.

“சுவரோரமாப் போங்கப்பா,” என்று கத்தினார். “புல்லை மிதிச்சுச் சேறாக்காதீங்க!”