இசக்கியின் வெறும் குரல்

போன வாரம் படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். டிரைவர் வைத்திருந்த ஸ்பீக்கர் கிழிந்திருந்தது. பாடகர் எவ்வளவு உருகினாலும் வெளியே வந்தது தகரத்தில் மணல் தேய்க்கிற சத்தம்தான். பக்கத்து சீட்டு அம்மா, "யப்பா, அத்த நிறுத்தேன், காது வலிக்குது" என்றார். எனக்கோ கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, ஒரகடம் ரோட்டில் தூசிக்குப் பஞ்சமில்லை. கண்ணைத் துடைத்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அந்தச் சத்தத்தை வரவழைக்க நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. வடக்குப்பட்டில் ஒற்றை ரூமில் நானும் இசக்கியும் தங்கியிருந்தோம். இரண்டு பேருக்கும் ஊர் வள்ளியூர்ப் பக்கம். கார் உதிரிபாகக் கம்பெனியில் ஒரே லைன். வீட்டுக்காரர் மகன் ஏழுமலைக்கும் அங்கேதான் வேலை. அவன் டிரம்ஸ், இசக்கி பாட்டு, நான் சவுண்ட் மிக்சர். எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது, அதனால்தான் மிக்சர்.

பாட்டெல்லாம் நாங்களே எழுதியவை. ஷிப்ட், ஓடி என்கிற ஓவர்டைம், கேன்டீன் சாம்பார் என்று எங்கள் பாடுதான். ஆனால் இசக்கிக்கு இழைகிற குரல். அவன் ஓடியைப் பற்றிப் பாடினால் தாலாட்டு மாதிரி இருக்கும். பிரஸ் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நின்றவன் குரல் அப்படியா இருக்கும்? ஆகவே கெடுத்தோம். கிடார் வாசிப்பவர்கள் காலால் மிதிக்கிற டிஸ்டார்ஷன் பெடல் ஒன்று பழையதாகக் கிடைத்தது. மைக்கை அதில் செருகியதும் முதலில் வந்தது ஊளைதான். ஸ்பீக்கரை அந்தப் பக்கம் திருப்பி, உதட்டை மைக்கில் ஒட்டி, பெடலின் திருகைப் பாதிக்கு மேல் ஏற்றாமல் பாடினால் ஊளை அடங்கியது. ஆனால் சொல் புரியவில்லை. அதற்காக மைக் லைனை இரண்டாகப் பிரித்தேன்: ஒன்று பெடல் வழியாக, இன்னொன்று நேராக. கரகரப்புக்கு அடியில் வெறும் குரலைத் துளி கலந்தால் சொல் தெளிந்துவிடும்.

ஏழுமலை கேட்டுவிட்டு, "இன்னா மச்சி, கம்ப்ரசர் பேசுற மாதிரி கீது!" என்றான். எங்களுக்கு அது பெரிய பாராட்டு.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் மேடை கிடைத்தது. இசக்கி முதல் வரியைப் பாடியதும், மெயின்டனன்ஸ்காரர் ஸ்பீக்கர் போய்விட்டது என்று ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். "அண்ணே, அது அப்பிடித்தாண்ணே" என்று இசக்கி கெஞ்சினான். மறுபடி போட்டதும் லைன் மொத்தமும் எழுந்து ஆடியது. சந்தனமும் கூலன்ட் எண்ணெயும் கலந்த அந்த மதியத்தின் வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

மேடையை விட்டு இறங்கும்போது இசக்கி கேட்டான். "ஏல, அடுத்த தடவ ஒத்தப் பாட்டு பெடல் இல்லாம சும்மா பாடுதேன்ல. அம்மைக்கு அனுப்பணும்."

"சும்மா பாட ஊருக்குப் பத்துப் பேரு இருக்கான்ல" என்றேன். பெரிய மேதாவி நான்.

அடுத்த தடவை வரவில்லை. மஞ்சள் காமாலை. ஓடி பணம் போய்விடக்கூடாது என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டே லைனில் நின்றான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது காலம் கடந்துவிட்டது.

காரியம் முடிந்து அவன் அம்மா போன் செய்தார். "தம்பி, அவன் பாடுனது இருந்தா அனுப்புய்யா." எங்கள் ரெக்கார்டர் இரண்டு லைனையும் தனித்தனியாகப் பதியும். ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் கார்டில் இடம் வேண்டுமென்று வெறும் குரலை அழித்துவிடுவேன். அதை யார் கேட்கப்போகிறார்கள்? பத்தொன்பது பாட்டு இருந்தது. பத்தொன்பதும் பெடல் வழியாக வந்தவை. மேடை வீடியோவிலும் அதே கத்தல். வாட்ஸப்பில் பேசி அனுப்புகிற பழக்கமும் அவனுக்குக் கிடையாது.

இருந்ததை அனுப்பினேன். சிறிது நேரத்தில் அம்மா திரும்பக் கூப்பிட்டார்.

"தம்பி, இது யாரோ கத்துதாங்கல்லா. எம்புள்ள எங்க?"

அழித்தது நான்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

வடக்குப்பட்டு ரூமை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. ஏழுமலை பென்னலூர்ப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான், டிரம்ஸைத் தொடுவதில்லை. பெடல் மட்டும் என்னிடம் இருக்கிறது. அன்று ஷேர் ஆட்டோவில் கண்ணை மூடிக்கொண்டு, இசக்கி என்னை "ஏல" என்று கூப்பிடுவதை ஒரே ஒரு முறை கேட்டுவிடப் பார்த்தேன். அதுவும் கரகரவென்றுதான் வந்தது.