பத்தொன்பது யூரோ குறைவு

மகளுக்கு ஜெர்மனியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கேட்ட முன்பணத்தை ஒரு சென்ட் பிசகாமல் யூரோவில் அனுப்பினேன். வங்கிப் படிவத்தில், கட்டணத்தை யார் ஏற்பது என்ற கேள்விக்கு ‘இரு தரப்பும்’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அவரவர் செலவு அவரவருக்கு என்பது நியாயமாகப் பட்டது.

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பத்தொன்பது யூரோ குறைகிறது. வெள்ளிக்குள் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வழியில் இருந்த ஏதோ ஒரு வங்கி தன் கட்டணத்தை அந்தப் பணத்திலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறது.

“நீங்க கணக்குல தப்பு பண்ணி நான் பார்த்ததே இல்லப்பா,” என்றாள் மகள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வங்கிக் கிளைக்குப் போனேன். குறைந்த தொகையை மறுபடி அனுப்ப, எல்லாக் கட்டணமும் நாமே ஏற்றால் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். அனுப்ப வேண்டிய பணமே அவ்வளவு இல்லை. போய்ச் சேர நான்கு நாள் ஆகலாம் என்றார்கள். ‘ஆகலாம்’ என்பதை நோட்டில் அடிக்கோடிட்டேன்.

மாலையில் பொன்மலையிலிருந்து மைத்துனன் வந்தான். பிட்காயின் வைத்திருப்பவன்.

“பணத்தை அதுல அனுப்புனா தொகை முக்கியமில்ல மாமா. நூறு ரூபாய்னாலும் கோடி ரூபாய்னாலும் ஒரே கூலி. கூட்டம் இருந்தா ஏறும், இல்லாட்டி இறங்கும்.”

ஜெர்மனியில் அவனுக்கு ஒரு நண்பன் இருந்தான். பிட்காயினை வாங்கி, யூரோவாக்கி, கல்லூரிக்குக் கட்டிவிடுவானாம்.

நோட்டில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் வங்கி. மறுபக்கம் பிட்காயின்: ஆறு மணிக்குக் கூலி நூற்று இருபது ரூபாய், ஏழு மணிக்கு இருநூற்றுப் பத்து. அதோடு யூரோவாக மாற்றும் கமிஷன். எல்லாம் சேர்த்தாலும் வங்கியைவிடக் குறைவுதான். எட்டு மணிக்கும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்றேன்.

“பாத்துக்கிட்டே இருங்க மாமா, அங்க செமஸ்டரே முடிஞ்சிரும்,” என்று நண்பனுக்கு போன் போட்டான். விஷயத்தைக் கேட்ட நண்பனின் சிரிப்பு ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது.

“பத்தொன்பது யூரோவுக்கா இவ்ளோ? காலேஜ் அக்கவுண்ட் நம்பரை அனுப்புடா, நான் கட்டிடறேன். பாப்பா வரும்போது மணப்பாறை முறுக்கு எடுத்துட்டு வரச் சொல்லு, போதும்.”

புதன்கிழமை இடம் உறுதியானது.

கிளம்புவதற்கு முதல் நாள் பெட்டியைத் தராசில் வைத்தோம். விமானத்தில் அனுமதித்த எடையைவிட எழுநூறு கிராம் கூடுதல். முறுக்கு ஒரு கிலோ. நான் என்ன சொல்வேன் என்று மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

நான் வாங்கி வைத்திருந்த ஜெர்மன் அகராதியை வெளியே எடுத்தேன்.