மாமாவுக்கு வந்த தலைவர் பதவி

பிறத்தியார் வீட்டில் எது கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை நீட்டினால் அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை, "அட, எடுத்துக்கோம்மா" என்று கையில் திணித்தால் ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்ளலாம். இதுதான் அம்மா எனக்குப் போட்டிருந்த சட்டம். ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளை ஒப்பிக்கும்போது நடுவில் ஒன்று விட்டுப்போனால்கூட அம்மா பொறுத்துக்கொள்வாள். இதில் தப்பு வந்தால் தொடையில் கிள்ளு விழும். ஒரு கிறிஸ்துமஸுக்குப் போதகர் வீட்டில் அச்சு முறுக்குத் தட்டு என் முன்னால் வந்ததும் சட்டென்று இரண்டை எடுத்துவிட்டேன். அந்தக் கிள்ளின் தடம் புத்தாண்டு ஆராதனை வரைக்கும் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் இந்தச் சட்டத்தை என்னைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. அவர் என் மாமா, அப்பாவின் அக்கா வீட்டுக்காரர். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. மாமாவுக்குக் காபி கொடுப்பது என்றால் சும்மா இல்லை. "ஐயோ, இப்பத்தான் குடிச்சேன்" என்பார். "வேணாம்மா, வயிறு சரியில்ல" என்பார். அதற்கப்புறம் ஒரு சொட்டு விடாமல் குடிப்பார்.

மாமா மார்க்கெட் பக்கத்தில் படத்துக்குச் சட்டம் போட்டுக் கண்ணாடி வைக்கும் கடை வைத்திருந்தார். சாமி படம், கல்யாணப் படம், செத்துப்போனவர்கள் படம் என்று எல்லாம் வரும். ஆனால் அவர் மனசோடு செய்தது கட்சித் தலைவர்களின் படங்களுக்குத்தான். சுதந்திரம் வந்த நாளிலிருந்து ஆட்சியில் இருந்த கட்சி அவருடைய கட்சி. அது தோற்கும் என்று மாமா கனவிலும் நினைத்ததில்லை. அறுபதுகளின் கடைசியில் வந்த அந்தத் தேர்தலில் அது தோற்றது, சும்மா இல்லை, மண்ணைக் கவ்வியது. மறு வாரமே மாமா கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பழைய தலைவர் படத்தைக் கழற்றிவிட்டு அதே சட்டத்தில் புதுத் தலைவர் படத்தைப் போட்டுத் தரச் சொன்னார்கள். புதுச் சட்டம் வாங்கக்கூட அவர்களுக்கு மனசில்லை. மாமா ஒருவர் படத்தையும் கழற்றவில்லை. "எதிர்க்க இன்னொரு கடை இருக்கு, போங்க" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு, வியாபாரம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அதே சமயம் எங்கள் ஊர்க் கமிட்டித் தலைவர் தோல்விக்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். அரிசி மண்டி வைத்திருந்த வயதானவர், நல்ல மனுஷர். கட்சி ஆபீஸ் இருந்த கட்டடத்துக்காரரோ ஒரே நாளில் வேறு கொடியை ஏற்றிவிட்டு, ஆபீஸைப் பூட்டிக்கொண்டார். எனவே புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை மாமா வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஜில்லா கமிட்டியிலிருந்து ஒருவர் வந்து, எல்லோரையும் கேட்டு, ஏகமனதாக ஒரு பெயரை எழுதிக்கொண்டு போவார்.

மாமாவுக்கு அந்தப் பதவி மேல் அப்படி ஓர் ஆசை. பட்டம், பவிசு என்று வாழ்க்கையில் ஒன்றும் கிடைத்திராத மனுஷர். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்து, தேக்குச் சட்டம் போட்டு, பேப்பரில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார். அடுத்து ஒத்திகை. அத்தைதான் ஜில்லாவிலிருந்து வருகிறவர். வெங்காயம் உரித்துக்கொண்டே அத்தை கேட்பாள்.

"நீங்கதான் தலைவரா இருக்கணும்."

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்? நான் சாதாரணத் தொண்டன்."

"இல்ல, நீங்கதான் இருக்கணும்."

"வேணாங்க. என்னைவிடப் பெரியவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க."

"நீங்கதான்..." என்று ஆரம்பித்து அத்தை கத்தியைக் கீழே வைத்துவிடுவாள். "ஏங்க, வேணும்னா வேணும்னு சொல்லிட்டுப் போங்களேன். எத்தனை வாட்டிதான் கேக்கறது?"

"அலையறான்னு நினைக்க மாட்டாங்க? மூணாவது வாட்டிதான் ஒத்துக்கணும்" என்றார் மாமா. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அத்தைக்கு அரசியலில் என்ன வேலை என்று யாராவது கேட்டிருந்தால், ஒன்றும் இல்லை என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, ரேஷன் கடையில் சர்க்கரை தரவில்லை என்று மாமாவைத் தேடி ஆட்கள் காலையிலேயே வருவார்கள். மாமா கடைக்குப் போயிருப்பார். அத்தை புடவையை மாற்றிக்கொண்டு நகராட்சி ஆபீஸுக்குப் போய் நிற்பாள். அங்கே சத்தம் போடுவாள் என்று கேள்வி. தண்ணீர் வந்துவிடும். தண்ணீர் வந்தவர்கள் கடைக்குப் போய் மாமாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். மாமாவும் முதலில் "அதெல்லாம் எதுக்குங்க" என்பார்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது. அப்பா அரசாங்க உத்தியோகம். கட்சிக் கூட்டத்தின் காற்றுகூட மேலே படக் கூடாது என்று சேலையூர்ப் பக்கம் யாரையோ பார்க்கக் கிளம்பிவிட்டார். அம்மாவும் அத்தையும் அடுப்படியில் போண்டா போட்டார்கள். குளியலறை வாளியில் ஈரத்துணி சுற்றிய சம்பங்கி மாலை இருந்தது. கைதட்டல் கேட்டதும் மாலையை எடுத்துக்கொண்டு ஓடி வர வேண்டும் என்பது எனக்கு மாமா இட்ட உத்தரவு. வாளிக்கும் முன்னறைக்கும் நடுவில், எல்லாம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன்.

ஆட்சியில் இருந்தபோது மாமா வீட்டு வாசலில் தெரு அடைத்துக் கூட்டம் நிற்கும். அன்று முன்னறையிலேயே இடம் மிஞ்சியிருந்தது. ஜில்லாவிலிருந்து வந்தவர் ஒல்லியாக, வாடிப்போயிருந்தார். காலையிலிருந்து ஊர் ஊராகத் தலைவர் தேடிக்கொண்டு வருகிறவர். அடுத்து செங்கல்பட்டு வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

பழைய தலைவர் எழுந்து மாமாவின் பெயரைச் சொன்னார். வந்தவர் மாமாவைப் பார்த்தார். "என்னங்க, இருக்கீங்களா?"

மாமா கைகூப்பினார். "எனக்கு எதுக்குங்க அதெல்லாம்? நான் சாதாரணத் தொண்டன்."

"இல்லீங்க, நீங்க இருந்தா நல்லா இருக்கும்."

"வேணாங்க. என்னைவிடப் பெரியவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க."

ஒத்திகையில் சொன்னதைவிட அழகாகச் சொன்னார். குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது. நான் வாளிப் பக்கம் ஓரடி நகர்ந்தேன்.

வந்தவர் பெருமூச்சு விட்டார். "பல்லாவரத்துலயும் இதேதான் சொன்னாங்க. குரோம்பேட்டையிலயும் இதேதான். பரவாயில்லீங்க, உங்க மனசு எனக்குப் புரியுது. தோத்த கட்சிக்கு யாரு தலைவரா வருவாங்க? நான் கட்டாயப்படுத்தல. வேற யாரு?"

மாமாவின் கை கூப்பியபடியே நின்றது. முகத்தில் இருந்த அடக்கம் அப்படியே இருக்க, கண் மட்டும் பதறிப்போய்ப் பழைய தலைவரைத் தேடியது. அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர் மற்றவர்களைக் கேட்டார். ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. ஒருவருக்குப் பெண் கல்யாணம். கடப்பேரியில் வெற்றிலைக் கடை வைத்திருந்தவர், "இன்னா சார், போன வருசம் கேட்டிருந்தா ஓடியாந்திருப்பேன். இப்ப தலீவர்னு சொல்லிக்கினு ரோட்ல போனா பசங்க கல்லு வுடறாங்க" என்றார். எல்லோரும் உண்மையாகவே வேண்டாம் என்றார்கள். அந்த அறையில் வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த ஒரே ஆளுக்கு வாயைத் திறக்க வழியில்லை.

அந்த நேரத்தில்தான் அத்தை காபித் தட்டோடு உள்ளே வந்தாள். வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், அலுப்பில் சிரித்தார். "ஏம்மா, நீங்களாவது தலைவரா இருக்கீங்களா?"

அறையே சிரித்தது. மாமாவும் சிரித்தார்.

அத்தை தட்டை ஸ்டூல் மேல் வைத்தாள். "சரி, இருக்கேன்" என்றாள்.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.  வந்தவர் இன்னொரு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, "பேரு சொல்லுங்கம்மா" என்றார். பழைய தலைவர்தான் முதலில் கைதட்டினார். நல்ல பலமாகத் தட்டினார்.

கைதட்டினால் மாலை. நான் சொட்டச் சொட்ட மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடி, வந்தவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஒரு பொம்பளை கழுத்தில் வெளியாள் எப்படி மாலை போடுவது? பழைய தலைவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த அறையில் அத்தைக்கு மாலை போட உரிமையுள்ளவர் ஒரே ஒருவர்தான். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். தனக்காக வாங்கி, தானே தண்ணீர் தெளித்து வைத்த மாலையை மாமா என் கையிலிருந்து வாங்கினார். அத்தை தலையைக் குனிந்தாள். வெற்றிலைக் கடைக்காரர், "அண்ணனுக்கு ரெண்டாங் கல்யாணம்" என்றதும் அறை மறுபடியும் சிரிப்பில் குலுங்கியது. இந்தத் தடவை மாமாவால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. ஆனாலும் மாலையைக் கோணாமல் போட்டுவிட்டார்.

மாமா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒருநாள் அலமாரிக்குப் பின்னாலிருந்து தேக்குச் சட்டத்தை எடுத்து, தன் படத்தைக் கழற்றிவிட்டு, அத்தையின் படத்தைப் போட்டார். யாருக்கும் செய்ய மாட்டேன் என்றிருந்த வேலையை வீட்டில் செய்தார். அடுத்த தேர்தலில் ஜெயித்தோமா என்றால் இல்லை. ஆனால் நகராட்சி ஆபீஸில் அத்தைக்கு நாற்காலி போட ஆரம்பித்தார்கள். குழாய்த் தண்ணீருக்கான நன்றியும் நேரே அத்தைக்கே வந்தது. "அந்தாளு இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும்" என்று மாமா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அன்றைக்கு இருந்த கவலை வேறு. அத்தை முதல் தடவையே வாங்கிக்கொண்டுவிட்டாள். அச்சு முறுக்குக்கே அந்தக் கிள்ளு என்றால் தலைவர் பதவிக்கு எவ்வளவு பெரிய கிள்ளாக இருக்கும்? எல்லோரும் போனதும் அம்மா என்ன செய்யப்போகிறாள் என்று பயத்தோடு பார்த்தேன். அம்மா ஒரு போண்டாவை எடுத்து, வேண்டுமா என்றுகூடக் கேட்காமல், "அண்ணி, வாயைத் திறங்க" என்று அத்தையின் வாயில் திணித்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

டம்ளர் கழுவ உட்கார்ந்தபோது மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா, அத்தை மொத வாட்டியே சரின்னுட்டாங்களே, அது தப்புதானே?"

அம்மா டம்ளரைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அவங்கள யாருடி ரெண்டாவது வாட்டி கேக்கப் போறாங்க?" என்றாள்.

நான் தலையாட்டினேன். செங்கல்பட்டு வண்டிக்கு நேரமாகிவிட்டதைத்தான் அம்மா சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.