சாம் மாட்டிய ஸ்டியரிங்

“எண்ணெய் ஒரு சொட்டு வெளிய போகல. பின்ன காத்து மட்டும் எங்கன நிக்குது, மக்கா?”

தூத்துக்குடியில் ஒரு விசைப்படகின் பின்பக்கத்திலிருந்து அப்பா இப்படிக் கேட்டபோது, அந்தப் படகின் ஸ்டியரிங் என் கையில் இருந்தது. பதில் என் கண்ணுக்கு நேரே இருந்தது. அப்போது எனக்குத் தெரியவில்லை.

அப்பா பெயர் எபினேசர். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையோரம் டிராக்டர்களுக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கிறார். என் அண்ணன் சாம்சுந்தருக்கும் அதே வேலைதான். ஆனால் அவனுக்கு ஊர் போதவில்லை. தூத்துக்குடிக்குப் போய்ப் படகுகளுக்கு ஸ்டியரிங் மாட்ட ஆரம்பித்தான். முதலில் மாட்டியது சுயம்புலிங்கம் என்பவருடைய படகுக்கு. போன கிறிஸ்துமஸுக்குப் பைக்கில் கிளம்பியவன், கழுகுமலை தாண்டி ஒரு லாரியில் மோதிவிட்டான். வீட்டுக்கு வந்து சேரவில்லை.

அவனுடைய படத்தைச் சுவரில் மாட்ட அம்மா விடவில்லை. “மாட்டிட்டா எம்புள்ள போயிட்டாம்னு ஆயிருமே” என்பாள். அப்பாவும் வற்புறுத்தவில்லை.

நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, எதிலும் மனம் நிற்காமல் வீட்டுக்கும் கடைக்கும் அலைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் சுயம்புலிங்கத்திடமிருந்து போன் வந்தது.

“அண்ணாச்சி, ஸ்டியரிங் சும்மா சுத்துது, படகு திரும்ப மாட்டேங்கு. இங்க உள்ள மெக்கானிக் மொத்தமாக் கழட்டிட்டு வேற போடச் சொல்லுதாரு. சாம் போட்டதே தப்பாம்.”

அப்பா, “கழட்டிராதீங்க. நான் வாரேன்” என்றார். நானும் கூடப் போனேன்.

படகில் அந்த மெக்கானிக் ரிபாயி நின்றுகொண்டிருந்தார். “சங்கரங்கோயில்ல எப்ப வே கடல் வந்துச்சு?” என்றார்.

“எண்ணெய்க்கு எந்த ஊருன்னு தெரியாது வே. ஸ்பேனரக் கொடும்” என்றார் அப்பா.

இந்த ஸ்டியரிங் வேலை செய்யும் விதம் எளிதுதான். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பம்ப் இருக்கும். சக்கரத்தைச் சுற்றினால் அது எண்ணெயை இரண்டு ஹோஸ் வழியாகப் படகின் பின்பக்கத்துக்குத் தள்ளும். அங்கே உள்ள சிலிண்டர் சுக்கானைத் திருப்பும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். உள்ளே காற்று இருந்தால் நாம் சுற்றுவதெல்லாம் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும். சுக்கான் அசையாது.

அப்பா முதலில் கசிவைத் தேடினார். ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துக் காயவைத்து, செய்தித்தாள் துண்டைச் சுற்றிக் கட்டினார். என்னைச் சக்கரத்தை இரண்டு பக்கமும் கடைசி வரை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். ஒரு தாளிலும் எண்ணெய்க் கறை இல்லை. சிலிண்டர் தண்டும் காய்ந்திருந்தது.

பிறகு ஏர் எடுத்தோம், அதாவது உள்ளே நின்ற காற்றை வெளியேற்றினோம். நான் சுற்றினேன், ரிபாயி பம்பில் எண்ணெய் ஊற்றினார், அப்பா சிலிண்டர் நட்டைத் தளர்த்தினார். நுரை வந்தது, பிறகு தெளிந்த எண்ணெய் வந்தது. சக்கரம் இறுகியது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் கொழகொழவென்றிருந்தது.

அப்போதுதான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டுக்கொண்டே நான் நின்ற சக்கர அறைக்கு மேலேறி வந்தார்.

சக்கரத்துக்குப் பக்கத்துச் சுவரில், தண்ணீர் தெறிக்காத மூலையில், சாமின் படம் இருந்தது. பிளாஸ்டிக் மாலை போட்டு, பொட்டும் வைத்திருந்தார்கள். எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் அப்படிச் செய்வதில்லை. நான் வந்ததிலிருந்து அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். அப்பா படத்தைப் பார்க்கவில்லை. படத்துக்கு மேலே வில்லாக வளைந்து போன ஹோஸ்களைப் பார்த்தார்.

“இத யாரு மேல தூக்குனது?”

“நாந்தான் அண்ணாச்சி” என்றார் சுயம்புலிங்கம். “முன்ன கீழதான் போச்சு. படம் மாட்டுனப்ப ஹோஸ் அவன் முகத்துக்குக் குறுக்க வந்துச்சு. எண்ணெய்ப் பிசுக்கு அவன் மேல படக்கூடாதுன்னு கழட்டி, துண்டு சேத்து, மேல கொண்டு போனேன்.”

கழற்றியபோது காற்று உள்ளே போயிருக்கிறது. காற்று எப்போதும் மேட்டில்தான் போய் நிற்கும். பம்பைவிட அந்த வளைவு உயரம். எத்தனை தடவை எண்ணெய் ஊற்றினாலும் காற்று அங்கேயே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது.

படத்துக்கு இரு பக்கமும் சுவரில், ஹோஸைப் பிடித்து வைக்கச் சாம் அடித்திருந்த கிளாம்புகள் காலியாக இருந்தன. அப்பா அவற்றைத் தடவிப் பார்த்தார். “சரியாத்தானடே போட்டிருக்க” என்றார். அவர் என்னிடம் பேசவில்லை. ரிபாயி தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டார்.

“படத்த வேற இடத்துல மாட்டுதேன் அண்ணாச்சி” என்றார் சுயம்புலிங்கம்.

“வேண்டாம். வீட்டுக்கு வரட்டும்” என்றார் அப்பா.

சேர்த்திருந்த துண்டை எடுத்துவிட்டு, ஹோஸை அதே கிளாம்பில் மாட்டி ஏர் எடுத்தோம். சாயங்காலம் வரை காத்திருந்தோம். சக்கரம் இறுக்கமாகவே இருந்தது.

கோவில்பட்டி வரை பஸ்ஸில் படம் அப்பா மடியில் இருந்தது. அதன் பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கழுகுமலை வந்தபோது நான் படத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

அம்மா அதை வாங்கினாள். மாலையை மட்டும் கழற்றினாள். பிறகு, சுத்தியல் எங்கே என்று கேட்டாள்.

கடலுக்குப் போகிறவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லுங்கள். எண்ணெய் ஒழுகாமலே ஸ்டியரிங் தளர்ந்தால், ஹோஸ் எங்காவது பம்புக்கு மேலே ஏறிப் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இது சாம்சுந்தர் மாட்டிய ஸ்டியரிங்கில் தெரிந்துகொண்டது என்றும், அவன் மாட்டியதில் தப்பில்லை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.